மீத்தேனிலிருந்து நேரடியாக மெத்தனால்: தாமிர வினையூக்கிகள் எதுவரை வந்திருக்கின்றன?

முதுகலை_வேதி

வணக்கம். முதுகலை இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறேன். மீத்தேனை ஒரே படியில் மெத்தனாலாக மாற்றும் தாமிர வினையூக்கிகளைப் பற்றிப் படிக்கப் படிக்க ஆர்வம் கூடுகிறது. ஆனால் இரண்டு சந்தேகங்கள் விடாமல் தொல்லை தருகின்றன.

முதலாவது, மெத்தனால் ஆலைகள் இப்போதே தாமிர வினையூக்கியைத்தான் பயன்படுத்துகின்றன. அப்படியிருக்க இந்த ஆய்வுகளில் புதிதாக என்ன இருக்கிறது?

இரண்டாவது, தாமிரம் ஏற்றிய மோர்டனைட் என்ற ஜியோலைட்டில் (நுண்துளைகள் நிறைந்த அலுமினோசிலிக்கேட் திடப்பொருள்) 97 சதவீதத் தேர்வுத்திறன் கிடைத்ததாக 2017-ல் வந்த கட்டுரை சொல்கிறது. வினைபுரிந்த மீத்தேனில் 97 சதவீதம் மெத்தனாலாகிறது என்றால் இதை வைத்து ஏன் இன்னும் ஓர் ஆலைகூட வரவில்லை?

விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

கொதிகலன்

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மெத்தனால் உற்பத்தியில்தான் என் வேலை.

ஆலையில் நடப்பது இரண்டு தனித்தனி வேலைகள். முதலில் மீத்தேனையும் நீராவியையும் நிக்கல் வினையூக்கி மேல் 800, 900 டிகிரி செல்சியஸில் விட்டு, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த தொகுப்பு வாயுவாக உடைக்கிறோம். இந்த வினை ஒரு மோலுக்கு 206 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். அதற்காகவே பெரிய உலை வேண்டும், எரிபொருள் வேண்டும், அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகக் குழாய்கள் வேண்டும். ஆலையின் முதலீட்டில் பெரும்பங்கு இங்கேதான் போய்விடுகிறது.

அதன்பிறகுதான் தாமிரம் வருகிறது. தாமிரம், துத்தநாக ஆக்சைடு, அலுமினா சேர்ந்த வினையூக்கியில் 200 முதல் 300 டிகிரி வரை, 50 முதல் 100 பார் அழுத்தத்தில், தொகுப்பு வாயு மெத்தனாலாகிறது. 1960களில் ஐ.சி.ஐ. நிறுவனம் கொண்டுவந்த முறையின் வழிவந்தது இது. அதற்கு முன் 1923-ல் பி.ஏ.எஸ்.எஃப். தொடங்கிய துத்தநாக-குரோமிய முறைக்கு 250 பாருக்கு மேல் அழுத்தம் தேவைப்பட்டது.

ஆக, இந்தத் தாமிரம் மீத்தேனைத் தொடுவதே இல்லை. அதற்கு முன்பே நிக்கல் அதை உடைத்து முடித்துவிடுகிறது. நீங்கள் படிப்பது வேறு வகைத் தாமிரம். இங்கே உலோக நிலையில் இருக்கிறது, ஜியோலைட்டில் ஆக்சிஜனோடு பிணைந்த அயனியாக இருக்கிறது. பெயர் ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் வேதியியலில் உறவு குறைவு.

மீத்தேனை முழுதாக உடைத்துப் போட்டு மறுபடி கட்டுகிறோமே, நேரடியாக ஓர் ஆக்சிஜனை நுழைத்தால் போதாதா என்பதுதான் உங்கள் தலைப்பின் அடிப்படை. அந்த நேரடி வினை வெப்பத்தை விழுங்காது, மோலுக்கு 126 கிலோஜூல் வெளியிடும். காகிதத்தில் பார்த்தால் மிக அழகானது.

சமநிலை

இரண்டாவது கேள்விதான் இந்தத் துறையின் உயிர். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மீத்தேனில் ஒரு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்கு 439 கிலோஜூல் வேண்டும். மெத்தனாலில் கார்பனோடு இருக்கும் ஹைட்ரஜனைப் பிய்க்க 402 போதும். அதாவது மீத்தேனைத் தாக்கும் வலு உள்ள எந்த வினையூக்கியும் மெத்தனாலை அதைவிடச் சுலபமாகத் தாக்கும். மெத்தனால் உருவான அடுத்த கணமே ஃபார்மால்டிஹைடு, ஃபார்மிக் அமிலம், கடைசியில் கார்பன் டைஆக்சைடு என்று இறங்கிக்கொண்டே போகும். முழுதாக எரிந்தால் மோலுக்கு 802 கிலோஜூல் வெளிவரும். வெப்ப இயக்கவியல் முழுக்க எரிதலின் பக்கம்தான் நிற்கிறது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரே வினைகலனில் மெத்தனால் மீத்தேனைவிட 100 மடங்கு வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் முதல்படி வினைகள், அதாவது வேகம் அந்தந்தப் பொருளின் செறிவுக்கு நேர்விகிதம். மீத்தேனில் 0.1 சதவீதம் மட்டும் வினைபுரிந்ததும் நிறுத்தினால் தேர்வுத்திறன் 95 சதவீதம். 1 சதவீதம் வரை போனால் 63 சதவீதம். 10 சதவீதம் வரை விட்டால் வெறும் 9 சதவீதம். எந்த இடத்தில் நிறுத்தினாலும் உள்ளே விட்ட மீத்தேனில் 1 சதவீதத்தைக்கூட மெத்தனாலாக எடுக்க முடியாது. உச்சமே 0.95 சதவீதம்தான். வேக வித்தியாசம் 10 மடங்காகக் குறைந்தாலும் உச்ச விளைச்சல் 7.7 சதவீதத்தோடு நின்றுவிடும்.

அதனால் எந்தக் கட்டுரையிலும் தேர்வுத்திறனை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். பக்கத்தில் மாற்ற அளவு, அதாவது உள்ளே விட்ட மீத்தேனில் வினைபுரிந்த பங்கு, எவ்வளவு என்று தேடுங்கள். அது இல்லாத 95 சதவீதத்துக்கு அர்த்தமே கிடையாது. ஆய்வுக் கூட்டங்களில் இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நீங்கள் சொன்ன 97 சதவீதம் வேறு வகையைச் சேர்ந்தது. அது தொடர்ச்சியான வினை அல்ல, படிப்படியாக நடத்தும் சுழற்சி. அங்கே வேறொரு விலை கொடுக்கிறோம். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

நொதிமம்

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வினையை அறை வெப்பநிலையில், சாதாரண அழுத்தத்தில், காற்றிலுள்ள ஆக்சிஜனை வைத்துச் செய்துகொண்டிருக்கும் உயிர்கள் இருக்கின்றன. மீத்தேனை உண்டு வாழும் பாக்டீரியாக்கள். அவற்றின் மீத்தேன் மோனோஆக்சிஜனேஸ் நொதி இரண்டு வடிவங்களில் வருகிறது. செல் திரவத்தில் கரைந்திருப்பது இரும்பை நம்பியது. சவ்வில் பதிந்திருப்பது தாமிரத்தை நம்பியது. இரண்டையும் செய்யத் தெரிந்த பாக்டீரியா, சுற்றுப்புறத்தில் தாமிரம் கிடைத்தால் இரும்பு நொதியை நிறுத்திவிட்டுத் தாமிர நொதிக்கு மாறிவிடும். தாமிரத்தை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்ததில் நமக்கு முன்னோடி இவைதான்.

ஆனால் அந்தத் தாமிரம் நொதியில் எங்கே, எத்தனை அணுக்களாக உட்கார்ந்து வேலை செய்கிறது என்பதில் நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. ஏமி ரோசன்ஸ்வைக் குழு 2005-ல் முதல் படிக அமைப்பை வெளியிட்டபோது இரண்டு தாமிர அணுக்கள் சேர்ந்த மையம் ஒன்று தெரிந்தது. பல ஆண்டுகள் அதையே வினை மையம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அதைப் பார்த்து ஜியோலைட்டில் இரட்டைத் தாமிரம் தேடியவர்களும் உண்டு. 2019-ல் அதே குழு நிறமாலை ஆய்வுகளோடு வந்து, அந்த இடத்தில் ஒற்றைத் தாமிரம்தான் இருக்கிறது என்றது. 2022-ல் நொதியைக் கொழுப்புச் சவ்வுக்குள் வைத்தபடியே குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, படிக அமைப்பில் தெரியாமல் போன இன்னொரு தாமிர இடம் வெளிப்பட்டது. சவ்விலிருந்து பிரித்தெடுத்ததில்தான் அந்தப் பகுதி குலைந்து போயிருந்தது.

அதனால் "நொதியைப் பின்பற்றி வடிவமைத்தோம்" என்று எழுதும் கட்டுரைகளை வாசிக்கும்போது, எந்த ஆண்டின் நொதியைப் பின்பற்றினார்கள் என்று பார்ப்பது நல்லது.

இன்னொரு விஷயமும் உண்டு. நொதி ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை எடுத்து ஓர் அணுவை மட்டும்தான் மீத்தேனில் வைக்கிறது. மற்றது தண்ணீராகப் போகிறது. அதற்கு வெளியிலிருந்து இரண்டு எலக்ட்ரான் வேண்டும். பாக்டீரியா அந்தச் செலவைத் தன் உணவிலிருந்து கொடுக்கிறது. ஆலையில் யார் கொடுப்பது?

சமநிலை

நொதிமம் சொன்னதன் தொடர்ச்சியாகவே ஜியோலைட்டுக்கு வருகிறேன்.

2005-ல் பெல்ஜியத்தின் லூவன் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. தாமிரம் ஏற்றிய இசட்.எஸ்.எம்-5 ஜியோலைட்டை ஆக்சிஜனில் நன்கு சூடாக்கினார்கள். பிறகு 125 டிகிரியில் மீத்தேனைக் காட்டினார்கள். வாயுவில் எதுவும் வெளிவரவில்லை. திடப்பொருளைக் கரைப்பானால் கழுவியபோது மெத்தனால் வந்தது, 98 சதவீதத் தேர்வுத்திறனோடு. சூடாக்கிய ஜியோலைட்டில் தோன்றிய ஒரு நிறமாலைப் பட்டை மீத்தேனைக் கண்டதும் மறைந்தது. 2009-ல் ஸ்டான்ஃபோர்டின் எட்வர்ட் சாலமன் குழுவும் லூவன் குழுவும் சேர்ந்து, இரண்டு தாமிரங்களை ஓர் ஆக்சிஜன் பாலமாக இணைக்கும் வளைந்த அமைப்புதான் அந்தப் பட்டைக்குக் காரணம் என்று நிறுவினார்கள். 2015-ல் மூனிக்கின் லெர்ஹர் குழு மோர்டனைட்டில் மூன்று தாமிரம், மூன்று ஆக்சிஜன் கொண்ட கொத்தைக் காட்டியது. எந்த ஜியோலைட், எவ்வளவு அலுமினியம், எப்படித் தாமிரம் ஏற்றினோம் என்பதைப் பொறுத்து மையம் மாறுகிறது. ஒரே விடை என்று எதுவும் இல்லை.

சுழற்சி இப்படி நடக்கும். ஆக்சிஜனில் 450 டிகிரி அளவில் சூடாக்கித் தாமிர-ஆக்சிஜன் மையங்களை உருவாக்க வேண்டும். 200 டிகிரிக்கு இறக்கி, ஆக்சிஜனைத் துடைத்தெடுத்துவிட்டு மீத்தேனைவிட வேண்டும். மீத்தேன் உடைந்து மெத்தாக்சியாக (ஆக்சிஜனோடு பிணைந்த மெத்தில் தொகுதி) ஜியோலைட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். கடைசியாக நீராவி விட்டால் அது மெத்தனாலாகக் கழன்று வரும்.

மெத்தனால் இங்கே ஏன் தப்பிக்கிறது? வாயுவில் ஆக்சிஜன் இல்லை. மையத்திலிருந்த ஆக்சிஜனும் தீர்ந்துவிட்டது. பிறந்த பொருள் மேற்பரப்பில் ஒட்டியபடி இருப்பதால் அடுத்த தாக்குதலுக்கு எளிதில் சிக்குவதில்லை. தேர்வுத்திறனுக்கும் மாற்றத்துக்கும் இருக்கும் அந்தக் கொடிய உறவை நேரத்தால் பிரித்து உடைத்துவிட்டோம். இது உண்மையிலேயே அழகான யோசனை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

சிக்கல் நீராவியில் இருக்கிறது. மெத்தனாலைக் கழற்றும் அதே தண்ணீர், தாமிர-ஆக்சிஜன் பாலங்களையும் நீராற்பகுத்து, அதாவது தன்னோடு வினைபுரியவைத்து உடைத்து, முடக்கிவிடுகிறது. மறுபடி 450-க்கு ஏற்றி உலர்த்தினால்தான் உயிர் வரும்.

கொதிகலன்

அந்த 200-க்கும் 450-க்கும் இடையிலான ஏற்ற இறக்கத்தைத்தான் நான் கணக்குப் போட்டேன். முதுகலை_வேதி, இதைக் கவனியுங்கள்.

சிறந்த ஜியோலைட்டுகள் ஒரு சுழற்சியில் ஒரு கிராமுக்கு 200 மைக்ரோமோல் அளவுக்கு மெத்தனால் தருகின்றன. எடையில் அது 6.4 மில்லிகிராம். ஒரு கிலோ ஜியோலைட்டுக்கு 6.4 கிராம்.

ஒரு கிலோ ஜியோலைட்டை 250 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 250 கிலோஜூல் வேண்டும். 6.4 கிராமுக்கு 250 என்றால் ஒரு கிலோ மெத்தனாலுக்கு 39 மெகாஜூல். ஒரு கிலோ மெத்தனாலை எரித்தால் கிடைப்பதே 20 மெகாஜூல்தான். வெப்பத்தைத் திரும்பப் பிடிக்காவிட்டால், பொருளில் இருக்கும் ஆற்றலைப்போல இரண்டு மடங்கை வினையூக்கியைச் சூடாக்குவதிலேயே தொலைக்கிறோம். நீராவிச் செலவு இதற்கு மேல். ஒரு கிலோ மெத்தனாலை வெளியே எடுக்க 10 கிலோ நீராவி போனால் அதற்கு இன்னொரு 22 மெகாஜூல்.

அளவையும் பாருங்கள். பெரிய மெத்தனால் ஆலை ஒன்று நாளைக்கு 5,000 டன் தருகிறது. நாளைக்கு ஒரு சுழற்சி என்றால் அதற்கு ஏறத்தாழ 7,80,000 டன் ஜியோலைட் வேண்டும். மணிக்கு ஒரு சுழற்சி என்று விரட்டினாலும் 32,000 டன்னுக்கு மேல். அத்தனை டன் திடப்பொருளை மணிக்கு ஒருமுறை 250 டிகிரி ஏற்றி இறக்கும் கருவியை யாரும் கட்டப்போவதில்லை.

சமநிலை சார் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தச் சுழற்சி முறை ஆய்வகத்தைத் தாண்டாது என்பது என் உறுதியான கருத்து.

செம்பு29

கொதிகலன், உங்கள் கணக்கு சரி. எடுத்துக்கொண்ட இலக்குதான் தவறு. 5,000 டன் ஆலையோடு போட்டியிட யாரும் கேட்கவில்லை.

எண்ணெய்க் கிணறுகளில் குழாய் போட்டுக் கொண்டுபோகக் கட்டுப்படியாகாமல் அங்கேயே கொளுத்திவிடும் வாயு உலகம் முழுக்க ஆண்டுக்கு 14,000 கோடி கன மீட்டர் அளவில் இருக்கிறது. சரியாக எரியாமல் நழுவும் மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டைஆக்சைடைவிட 80 மடங்கு அளவுக்குப் பூமியைச் சூடாக்குகிறது. இந்தக் கிணறுகள் சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் சிறியது. 900 டிகிரி உலையைச் சின்னதாகக் கட்டினால் செலவு அதே விகிதத்தில் குறையாது. அங்கேதான் தாழ்ந்த வெப்பநிலையில் ஓடும் சிறு கருவிக்கு இடமிருக்கிறது. நாளைக்கு ஒரு டன் மெத்தனால் தரும் கருவிக்கு, மணிக்கொரு சுழற்சியில், உங்கள் எண்ணை வைத்தே 6.5 டன் ஜியோலைட் போதும்.

அப்புறம், ஏற்ற இறக்கம் இல்லாமலே செய்யும் முயற்சிகளையும் சேர்த்துப் பாருங்கள். சூரிக்கின் வான் போக்ஹோவன் குழு 2016-ல் 200 டிகிரியிலேயே முழுச் சுழற்சியையும் நடத்தியது. மீத்தேன் அழுத்தத்தை 30 பாருக்கு மேல் உயர்த்தியதால், குறைந்த வெப்பத்தில் உருவாகும் மந்தமான மையங்களும் வேலை செய்தன. உங்கள் 39 மெகாஜூல் அங்கே காணாமல் போகிறது. அதே ஆண்டு எம்.ஐ.டி.யின் ரோமன்-லெஷ்கோவ் குழு மீத்தேன், ஆக்சிஜன், நீராவி மூன்றையும் ஒன்றாகவே தாமிர ஜியோலைட் மேல் 210 டிகிரியில் விட்டு, நிற்காமல் மெத்தனால் எடுத்துக் காட்டியது.

கொதிகலன்

அந்தத் தொடர்ச்சி வினையில் மாற்றம் எவ்வளவு? 0.01 சதவீதம்கூட இல்லையே?

செம்பு29

ஆமாம், மிகக் குறைவு. நான் அதை மறைக்கவில்லை. தாமிரம் ஒரே வெப்பநிலையில், வெறும் ஆக்சிஜனைக் கொண்டு, தானே தன்னைப் புதுப்பித்துக்கொண்டு சுழல முடியும் என்பதற்கு அது சாட்சி. அதன்பின் எஸ்.எஸ்.இசட்-13 ஜியோலைட்டில் இந்தத் தொடர்ச்சி வினை நன்றாகவே ஆராயப்பட்டிருக்கிறது. 2020-ல் ஆக்சிஜன் ஐசோடோப்பை வைத்து நடந்த ஓர் ஆய்வில், மெத்தனாலில் போய்ச் சேரும் ஆக்சிஜன் அணு நீராவியிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. வாயு ஆக்சிஜன் தாமிரத்தைப் புதுப்பிக்கும் வேலையைத்தான் செய்கிறது. தண்ணீர் வெறுமனே கழுவி விடும் பொருள் என்ற எண்ணத்தையே இது அசைத்துவிட்டது.

முதுகலை_வேதி

எல்லோருக்கும் நன்றி, கணக்குகளோடு பார்த்தபின்தான் புரிய ஆரம்பிக்கிறது. தண்ணீர் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். நான் குறிப்பிட்ட 2017 கட்டுரையில் ஆக்சிஜனே இல்லை, தண்ணீரே ஆக்சிஜனேற்றி, ஹைட்ரஜனும் வெளிவருகிறது என்கிறார்கள். அப்படியானால் அதுதானே எல்லாவற்றிலும் சிறந்த வழி?

சமநிலை

கேட்க அப்படித்தான் இருக்கும். மீத்தேனும் தண்ணீரும் போட்டு மெத்தனாலும் ஹைட்ரஜனும் எடுப்பது. ஆனால் அந்த வினையின் கிப்ஸ் ஆற்றல் மாற்றம் அறை வெப்பநிலையில் மோலுக்கு ஏறத்தாழ 117 கிலோஜூல், நேர்க்குறியில். அதாவது வினை தானாக முன்னோக்கிப் போகாது. என்தால்பியும், அதாவது வினை விழுங்கும் வெப்பமும், கிட்டத்தட்ட அதே 115. சூடேற்றினாலும் பெரிய மாற்றம் வராது. வினையூக்கி எதுவானாலும் சமநிலையை நகர்த்த முடியாது.

கட்டுரையில் உண்மையில் செய்தது இது. மோர்டனைட்டை ஹீலியத்தில் 400 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். 200 டிகிரியில் 7 பார் மீத்தேனைக் காட்டினார்கள். அதே வெப்பநிலையில் நீராவி விட்டார்கள். ஒரு மோல் தாமிரத்துக்கு 0.204 மோல் மெத்தனால், 97 சதவீதத் தேர்வுத்திறன். ஹைட்ரஜன் நீராவிப் படியில் வந்தது.

தனித்தனிப் படிகளாகப் பிரித்து, வெவ்வேறு வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் நடத்தும்போது, ஒட்டுமொத்தமாக மேல்நோக்கிய வினையையும் ஓட்டலாம். வெப்ப ஏற்றமும் அழுத்த வித்தியாசமும் அந்த ஆற்றலைக் கொடுக்க வேண்டும். 200 டிகிரியில் நடந்த நீராவிப் படியில் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுத்தான் அடுத்த ஆண்டே அதே இதழில் விமர்சனக் குறிப்புகள் வந்தன. ஆசிரியர்கள் பதிலும் கொடுத்தார்கள். மூலக் கட்டுரையோடு அந்த விமர்சனத்தையும் பதிலையும் சேர்த்து வாசியுங்கள். ஒரு பருவப் பாடம் படித்த பலன் கிடைக்கும். வெப்ப இயக்கவியலைப் பாடப்புத்தகத்தில் படிப்பதும், ஒரு முடிவை நம்பலாமா என்று தீர்மானிக்க அதைப் பயன்படுத்துவதும் வேறு வேறு.

என் நிலைப்பாடு: தண்ணீர் உதவும், பங்கேற்கும், அணுவைக்கூடக் கொடுக்கும். ஆனால் கணக்கை நேர்செய்ய எங்கோ ஓர் ஆக்சிஜன் வேண்டும், இல்லையென்றால் வெளியிலிருந்து ஆற்றல் வேண்டும்.

நொதிமம்

ஹைட்ரஜன் பெராக்சைடு பற்றியும் ஒரு வார்த்தை. கார்டிஃபின் ஹட்சிங்ஸ் குழு 2012-ல் இரும்பும் தாமிரமும் சேர்ந்த இசட்.எஸ்.எம்-5-ஐ வைத்து 50 டிகிரியில், தண்ணீரில், 10 சதவீத மாற்றத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தேர்வுத்திறன் காட்டியது. சமநிலை போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் இது அசாதாரணமான எண். அதில் மீத்தேனைத் தாக்குவது இரும்பு. ஹைட்ராக்சில் ரேடிக்கல்களை அடக்கி, மெத்தனால் ஃபார்மிக் அமிலமாகப் போகாமல் காப்பது தாமிரம். தாமிரத்தின் இந்தக் காவல் வேலை பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

கொதிகலன்

வேதியியல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மோல் பெராக்சைடின் விலை ஒரு மோல் மெத்தனாலைவிட அதிகம். விலை கூடிய பொருளைச் செலவழித்து விலை குறைந்த பொருளைச் செய்வதில் வணிகமே கிடையாது.

செம்பு29

அதனால்தான் பெராக்சைடை வினைகலனுக்குள்ளேயே உருவாக்கப் பார்க்கிறார்கள். 2020-ல் தங்கமும் பல்லேடியமும் கலந்த துகள்களை ஜியோலைட்டுக்குள் அடைத்து, வெளிப்பரப்பை நீர்வெறுக்கும்படி செய்தார்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உள்ளே சேர்ந்து பெராக்சைடாகி, அது வெளியே ஓடிவிடாமல் துகளருகிலேயே தங்கியது. 70 டிகிரியில் 17 சதவீத மாற்றம், 92 சதவீதத் தேர்வுத்திறன். தாமிரம் இல்லைதான், ஆனால் வினை மையத்தைச் சுற்றியுள்ள இடத்தை வடிவமைப்பது எவ்வளவு முக்கியம் என்று காட்டுகிறது. ஹைட்ரஜன் செலவாகிறதே என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். கேட்க வேண்டியதும்தான்.

தாமிரத்துக்கே திரும்பினால், அதே 2020-ல் ப்ரூக்ஹேவன் ஆய்வகம் சீரியம் ஆக்சைடையும் தாமிர ஆக்சைடையும் இணைத்த பரப்பில் ஒன்றைக் கண்டது. மீத்தேனும் ஆக்சிஜனும் மட்டும் இருந்தால் எரிந்து போகிறது. தண்ணீரைச் சேர்த்ததும் தேர்வுத்திறன் 70 சதவீதத்துக்கு ஏறுகிறது. ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடங்களைத் தண்ணீர் பிடித்துக்கொண்டு முழு எரிதலைத் தடுக்கிறது, மீத்தேனும் நேராக மெத்தாக்சியாகிறது. ஜியோலைட்டும் இல்லை, நுண்துளையும் இல்லை, ஆனாலும் தண்ணீரின் பங்கு ஏறக்குறைய அதேதான்.

கொதிகலன்

சரி, நான் எதைப் பார்த்தால் ஒப்புக்கொள்வேன் என்று சொல்லிவிடுகிறேன், அது நியாயமாக இருக்கும்.

வினைகலனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. ஒரு முறை கடக்கும்போது 0.1 சதவீதம்தான் மெத்தனால் என்றால், 50 பார் அழுத்தத்தில்கூட அதன் பகுதி அழுத்தம் 0.05 பார்தான். 5 டிகிரிக்கும் கீழே குளிர்வித்தால்தான் முதல் துளியே சேர ஆரம்பிக்கும். மீதி மீத்தேன் மொத்தத்தையும் திரும்ப அழுத்திச் சுற்றவிட வேண்டும். உருவாகிற கொஞ்சம் கார்பன் டைஆக்சைடும் சுற்றில் சேர்ந்துகொண்டே போகும், அதைத் தனியே இறக்க வேண்டும். ஆக்சிஜனைக் கலப்பதிலும் கட்டுப்பாடு உண்டு. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும். அந்த எல்லைக்கு வெளியேதான் ஓட்ட முடியும்.

கிணற்று வாயு என்பது சுத்தமான மீத்தேனும் அல்ல. ஈத்தேன், புரொப்பேன் இருக்கும். அவற்றின் பிணைப்புகள் மீத்தேனைவிட எளிதாக உடையும் என்பதால் தாமிர மையங்களை முதலில் அவைதான் தின்னும். ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் தாமிரம் நஞ்சாகிவிடும். செம்பு29 சொல்லும் அந்தச் சிறு கருவிக்கு முன்னால் ஒரு சுத்திகரிப்புப் பகுதி நிற்க வேண்டும்.

ஒரு கடப்புக்குச் சில சதவீத மாற்றம், 80-க்கு மேல் தேர்வுத்திறன், ஆக்சிஜனேற்றி காற்று அல்லது ஆக்சிஜன் மட்டும். இந்த மூன்றும் ஒரே வினைகலனில், வாரக்கணக்கில் நிலையாக ஓடிக் காட்டினால் நானே முதல் ஆளாக வரவேற்பேன்.

செம்பு29

இந்த மூன்று நிபந்தனைகளையும் ஏற்கிறேன். நிலைத்தன்மையில் ஒரு நம்பிக்கை உண்டு: தாமிரம் ஏற்றிய எஸ்.எஸ்.இசட்-13 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் நைட்ரஜன் ஆக்சைடுகளை நீக்க ஏற்கெனவே வணிக அளவில் ஓடுகிறது. நீராவியும் சூடும் சேர்ந்த கடுமையான சூழல் அது. ஜியோலைட்டின் சட்டகம் தாங்கும். நமக்குத் தேவை அதற்குள்ளே இருக்கும் தாமிரத்தின் வேகம்.

முதுகலை_வேதி

தலைப்பை விடப்போவதில்லை, இதிலேயே இறங்குகிறேன். எங்கள் ஆய்வகத்தில் குழாய் உலை, வாயு நிறப்பிரிகை, புற ஊதா நிறமாலைக் கருவி இருக்கின்றன. உயர் அழுத்த வசதி இல்லை. மோர்டனைட்டில் தொடங்குவதா, எஸ்.எஸ்.இசட்-13-லா? அளக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

சமநிலை

உயர் அழுத்தம் இல்லையென்றால் வழக்கமான சுழற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஜியோலைட்டையும் ஒரே செய்முறையில் ஒப்பிடுவதே நல்ல திட்டம். மோர்டனைட்டில் விளைச்சல் பொதுவாக அதிகம், எஸ்.எஸ்.இசட்-13-ல் அமைப்பு எளிமையானது என்பதால் நிறமாலையைப் புரிந்துகொள்வது சுலபம்.

தாமிர அசிடேட் கரைசலில் அயனிப் பரிமாற்றம் செய்யும்போது காரத்தன்மை ஏறவிடாதீர்கள். ஏறினால் தாமிரம் அயனியாக உள்ளே போகாமல் ஹைட்ராக்சைடாகப் படிந்து, சூடாக்கியதும் தாமிர ஆக்சைடுத் துகளாகிவிடும். அது மெத்தனாலைத் தராது, மீத்தேனை எரிக்கத்தான் செய்யும். பரிமாற்றத்துக்குப்பின் நன்றாகக் கழுவுங்கள்.

மெத்தனால் அளவைக் கிராம் ஜியோலைட்டுக்கு எவ்வளவு என்று மட்டும் எழுதாமல், மோல் தாமிரத்துக்கு எவ்வளவு என்றும் கொடுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் எத்தனை தாமிரம் உண்மையில் உழைத்தது என்று தெரியும். அமில மையங்கள் மிச்சமிருந்தால் மெத்தனாலில் ஒரு பகுதி டைமெத்தில் ஈதராக மாறிப்போயிருக்கும். அதையும் தேடி எண்ணுங்கள், விட்டுவிட்டால் விளைச்சல் குறைந்ததாகத் தோன்றும்.

மீத்தேனுக்குப் பதில் ஹீலியம் விட்டு அதே சுழற்சியை ஒருமுறை கட்டாயம் நடத்துங்கள். ஜியோலைட் தயாரிப்பில் பயன்படும் கரிமப் பொருளின் எச்சமே சில சமயம் மெத்தனால் போன்ற சைகையைத் தரும். கார்பன்-13 மீத்தேன் கொஞ்சம் கிடைத்தால் இன்னும் உறுதி.

நொதிமம்

இதோடு ஜியோலைட்டில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்றும் அளந்துவிடுங்கள். கடையில் வாங்கும் ஜியோலைட்டுகளில் இரும்பு மாசு இருக்கும், அதுவும் மீத்தேனோடு வினைபுரியக்கூடியது. தாமிரம் ஏற்றாத அதே ஜியோலைட்டை ஒரு சுழற்சி ஓட்டிப் பார்த்தபிறகே தாமிரத்தின் கணக்கைத் தொடங்குங்கள்.